குழி வெட்டிப் பார்த்த அறிவியல்: மண்ணியல் பிறந்து வளர்ந்த கதை



நம் வரலாற்றுப் பாடத்தில் ரப்பர் வருகிறது, ஈயம் வருகிறது, செம்பனை வருகிறது. எந்த ஆண்டு, எந்த ஊர், எவ்வளவு ஏற்றுமதி என்று மாணவர்கள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் அந்தப் பயிர்கள் நின்ற மண்ணைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வகுப்பே அமைதியாகிவிடும். "மண்ணுல என்ன சார் இருக்கு, மண்ணுதானே?" என்று ஒரு குரல் வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மண்ணியல் என்ற துறையே உருவானது. மனிதன் மண்ணைக் கிளறிப் பயிர் செய்யத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். மண் ஒரு தனி அறிவியலுக்கு உரிய பொருள் என்று ஏற்றுக்கொண்டு ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்த வரலாற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நிலம் கைவிட்ட பிறகுதான் மண்ணைப் படித்தவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்ட இடமும் உண்டு, கேட்காமல் போன இடமும் உண்டு. கேட்காத இடங்களில் விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் முடிவெடுத்தவர்கள் இல்லை. படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தொட்டியில் வைத்த மண்

ஐரோப்பாவில் முதலில் மண்ணை ஆராய்ந்தவர்கள் வேதியியல்காரர்கள். அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிது: செடி எதைத் தின்று வளர்கிறது?

பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். மழைநீர் மட்டும் ஊற்றினார். ஐந்து ஆண்டு கழித்து நிறுத்துப் பார்த்தால் மரம் 169 பவுண்டுக்கு மேல் வந்துவிட்டது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். உடனே அவர், "மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது" என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் வெளிவந்த நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. மரத்தின் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்த கரியால் ஆனது என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த 2 அவுன்ஸ் இழப்பும் கவனிக்க வேண்டியது. மண்ணிலிருந்து செடி எடுப்பது எடையில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் இல்லாமல் செடி வாழாது.

1840இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக், பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தாதுச்சத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வலியுறுத்தினார். எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்ற விதி அவர் பெயரால் புகழ்பெற்றது. உண்மையில் கார்ல் ஸ்ப்ரெங்கல் என்பவர் அதை முன்பே எழுதியிருந்தார். லீபிக் பார்வையில் மண் ஒரு கல்லாப்பெட்டி மாதிரி. எடுத்ததைப் போட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

கணக்கு சரியாகவில்லை. 1840களில் லீபிக் ஒரு செயற்கை உரம் தயாரித்தார். மழையில் கரைந்து ஓடிவிடக் கூடாது என்று, சத்துகள் எளிதில் கரையாதபடி உருக்கிச் செய்தார். விளைவு? செடிக்கே கிடைக்கவில்லை. விவசாயிகள் ஏமாந்துபோனார்கள். 1850இல் இங்கிலாந்தில் தாமஸ் வே என்ற வேதியியலாளர் வேறொன்றைக் காட்டினார். சில சத்துகளை மண்ணே பிடித்து வைத்துக்கொள்கிறது, கரைசலாக ஊற்றினாலும் அவை அப்படியே வழிந்து போய்விடுவதில்லை. அதாவது, லீபிக் அஞ்சிய இழப்பைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கை மண் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது! உரத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கு மண்ணைப் பற்றித் தெரியவில்லை.

இதே காலத்தில், 1843இல், ஜான் லாஸும் ஜோசப் கில்பர்ட்டும் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் கோதுமைச் சோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரே வயல், பாத்தி பாத்தியாக வெவ்வேறு உரம், ஒரு பாத்திக்கு எதுவுமே இல்லை. அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. மண் அவசரப்படுபவர்களுக்குப் பதில் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

2. கறுப்பு மண்ணைத் தேடி நடந்தவர்

ரஷ்யாவின் தெற்குப் புல்வெளிகளில் ஒரு மீட்டர் ஆழம்வரைகூடக் கறுப்பாக இருக்கும் மண் உண்டு. உள்ளூர்க் குடியானவர்கள் அதைச் 'செர்னோசெம்' என்றார்கள், கறுப்பு மண் என்று பொருள். ரஷ்யாவின் கோதுமை வளத்துக்கு அதுதான் அடித்தளம். 1875இல் கடும் வறட்சி வந்து அந்த வளமான பூமியே காய்ந்தபோது, இந்த மண் எப்படி உண்டானது என்பதே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கடல் விட்டுப்போனது என்றார் ஒருவர், பழைய சதுப்பு நிலம் என்றார் இன்னொருவர்.

1877இல் ஒரு பொருளாதாரக் கழகம் இதை ஆராய வாசிலி டொகுச்சாயெவ் என்பவரை அனுப்பியது. வயது 31. பாதிரியார் மகன், சமயக்கல்வியை விட்டுவிட்டு நிலவியல் படிக்க வந்தவர். கறுப்பு மண் பரப்பு முழுவதும் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் அலைந்தார். போன இடத்திலெல்லாம் குழி வெட்டினார்.

மண்ணியலின் திருப்புமுனை இந்தக் குழிதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். வேதியியல்காரர்கள் மண்ணை ஒரு பையில் அள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். அள்ளும்போதே அடுக்குகள் எல்லாம் கலந்துவிடும். டொகுச்சாயெவ் மண்ணை அது இருக்கும் இடத்திலேயே, குழியின் சுவரில் படித்தார். மேலே கருத்த அடுக்கு, நடுவில் நிறம் மாறும் அடுக்கு, அடியில் தாய்ப்பாறை. அடுக்குகள் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன, ஊருக்கு ஊர் ஏன் மாறுகின்றன என்று கேட்டார்.

1883இல் 'ரஷ்யக் கறுப்பு மண்' என்ற ஆய்வேட்டில் பதிலை வெளியிட்டார். மண் என்பது உடைந்த பாறைத்தூள் மட்டுமில்லை, அது தானே ஓர் இயற்கைப் பொருள், பிறந்து வளர்ந்து மாறுவது. அதை உருவாக்குவது ஐந்து காரணிகள்: தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நில அமைப்பு, காலம். கறுப்பு மண் கறுத்திருப்பதற்குக் காரணம், புல்வெளித் தாவரங்கள் அந்தத் தட்பவெப்பத்தில் நெடுங்காலம் மடிந்து மக்கியதுதான். மாணவர்களே, இந்த ஐந்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் நம் நாட்டு மண்ணுக்குப் பொருத்திப் பார்க்கப் போகிறோம்.

1891இல் மறுபடி வறட்சி. இந்த முறை பெரும்பஞ்சம். பசியோடு காலராவும் டைஃபஸும் சேர்ந்து, பல இலட்சம் பேர் இறந்தார்கள். 1892இல் டொகுச்சாயெவ் 'நம் புல்வெளிகள்: அன்றும் இன்றும்' என்ற நூலை எழுதினார். அதன் வருமானம் பஞ்சத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கே போனது. அவர் சொன்ன காரணம் ஆட்சியாளர்களுக்கு இனிப்பாக இருந்திருக்காது: வானத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். புல்வெளியை உழுது, காடுகளை வெட்டி, ஓடைகள் பள்ளம் பறிக்க விட்டுவிட்டோம். பனியும் மழையும் நிலத்தில் தங்காமல் ஓடுகின்றன. மரவேலிகள் நடுங்கள், குளங்கள் வெட்டுங்கள் என்றார். அந்த ஆண்டே வொரோனெஷ் பகுதியில் ஒரு சோதனைக் களம் தொடங்கியது. அங்கு நட்ட மரவேலிகள் இன்றும் நிற்கின்றன.

1894இல், இன்று போலந்தில் இருக்கும் ஒரு வேளாண் கல்லூரியில் மண்ணியலுக்கென்று தனி இருக்கை உருவானது. அதை ஏற்றவர் டொகுச்சாயெவின் மாணவர் நிகோலாய் சிபிர்ட்செவ். நிலவியலுக்கும் வேளாண்மைக்கும் நடுவில் கிடந்த ஒன்று, பட்டம் கொடுக்கும் ஒரு துறையானது இப்படித்தான்.

3. பெயர் கொடுத்தவர்கள்

மொழி ஆசிரியர்களுக்கு இந்த இடம் சுவையாக இருக்கும். உலகம் முழுக்க மண்ணியல் நூல்களில் புழங்கும் சொற்களில் பல, படிப்பறிவில்லாத உழவர்கள் வாயிலிருந்து வந்தவை. 'செர்னோசெம்' அப்படித்தான். 'பொட்சோல்' என்பதும் ரஷ்யக் கிராமத்துச் சொல், சாம்பலுக்கு அடியில் என்ற பொருள் தருவது. அந்த மண்ணின் மேலடுக்குக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு தெரியும்.

தென்னிந்தியக் கரிசல் மண்ணை ஆங்கிலேயர் 'ரேகூர்' என்று எழுதினார்கள். தெலுங்கில் வழங்கிய பெயரோடு தொடர்புடைய சொல் அது. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து, மழையில் உப்பி, தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் மண் கரிசல். இன்றைய உலக வகைப்பாட்டில் அதற்கு 'வெர்ட்டிசால்' என்று பெயர். திரும்புதல், புரளுதல் என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உழவர் கண்ணால் கண்டதைத்தான் அறிவியல் பெயராக்கியிருக்கிறது.

'லேட்டரைட்' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மலபாரில் அங்காடிப்புரம் பகுதியில் மக்கள் ஒருவகைச் சிவந்த மண்ணைச் செங்கல் அளவுக்கு வெட்டி எடுத்து, காற்றில் கெட்டியாக விட்டு வீடு கட்டுவதைப் பிரான்சிஸ் புக்கானன் பார்த்தார். லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லை வைத்து 1807இல் வெளியான நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயர் கொடுத்தார். மலாக்காவில் ஆஃபமோசா கோட்டை வாசல் முன் நின்று படம் எடுத்திருப்பீர்கள் இல்லையா? அந்தத் துளை துளையான செங்காவி நிறக் கல் லேட்டரைட்தான்.

4. "தீராத சொத்து"

அமெரிக்காவில் மண் ஆய்வு அரசாங்க வேலையாகவே தொடங்கியது. 1899இலிருந்து நாடு முழுக்க மண் வரைபடம் எடுத்தார்கள். மாவட்டம் மாவட்டமாகச் சுற்ற இளைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். மண்ணியல் ஒரு பெரிய தொழிலாக வடிவெடுத்தது இங்கேதான் என்று சொல்லலாம்.

ஆனால் அந்தத் துறையின் தலைவர் மில்டன் விட்னிக்கு மண் மேல் அளவு கடந்த நம்பிக்கை. மண் என்பது நாட்டின் அழியாத, தீராத சொத்து என்ற கருத்தை 1909இல் துறையின் வெளியீட்டிலேயே எழுதிவைத்தார்.

அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் ஹியூ பென்னட். 1905இல் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிலங்கள் இரண்டைப் பார்த்தார். ஒன்று மரம் நின்ற காடு, அதன் மண் பொலபொலவென்று ஈரமாக இருந்தது. மற்றொன்று பல காலம் உழுத வயல், களிமண் இறுகிக் கெட்டியாகக் கிடந்தது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மண்தான். வயலின் மேல்மண் எங்கே போனது? பள்ளம் பறித்துக்கொண்டு போயிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு மழையும் காகிதம் உரிக்கிற மாதிரி மெல்லிய படலமாக வழித்துக்கொண்டு போயிருக்கிறது, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. 1928இல் மண் அரிப்பு ஒரு தேசிய ஆபத்து என்று தலைப்பிலேயே சொல்லி ஓர் அறிக்கை வெளியிட்டார்.

அதற்குள் நடுச் சமவெளிகளில் கோடிக்கணக்கான ஏக்கர் புல்வெளியை டிராக்டர் கொண்டு புரட்டிக் கோதுமை போட்டுவிட்டார்கள். 1930களில் மழை பொய்த்தது. வேர் பிடிப்பு இல்லாத மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள், பட்டப்பகலில் இருட்டிவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையை 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் சொல்கிறார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள், ஏப்ரல் 27ஆம் நாள், மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. பென்னட் அந்தத் துறையின் தலைவரானார்.

தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். பென்னட் கண்டுபிடித்தது 1905இல், சட்டம் வந்தது 1935இல். நடுவில் முப்பது ஆண்டுகள். பல குடும்பங்கள் நிலத்தை விட்டு மூட்டை கட்டிய பிறகுதான் அது நடந்தது.

5. நம்ம நாட்டு மண்

இப்போது இங்கே வருவோம். மலாயாவுக்கு வந்த ஐரோப்பியத் துரைமார்கள் வானுயர்ந்த மழைக்காட்டைப் பார்த்ததும், இவ்வளவு பெரிய மரம் நிற்கிறதென்றால் மண் எவ்வளவு செழிப்பாக இருக்கும் என்று நினைத்தார்கள். நம்மில் பலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறோம். உண்மை வேறு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை, நெடுங்காலமாகச் சத்துகளைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. மலைநாட்டு, மேட்டு நில மண்ணில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இரும்புத் துருவும் சத்தைப் பிடிக்கும் திறன் குறைந்த களியும். அந்தச் சிவப்பும் மஞ்சளும் இரும்பின் நிறம். காட்டின் செல்வம் மரத்திலும், விழுந்து மக்கும் இலையிலும், மேலே உள்ள சில அங்குல மண்ணிலும்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. காட்டை எரித்து அந்தச் சில அங்குலத்தையும் மழைக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

ஆரம்பகால ரப்பர்த் தோட்டங்களில் நடந்தது ஏறக்குறைய அதுதான். பால் மரங்களுக்கு நடுவே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். புல் சத்தைத் திருடும் என்று நம்பினார்கள். கூட்டிப் பெருக்கிய முற்றம் மாதிரி இருந்தால்தான் நல்ல தோட்டம் என்று பேர். அந்தப் புல்லை வெட்டியவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களும் பூட்டிமார்களும் வெயிலில் குனிந்து நிரை நிரையாகப் புல் வெட்டினார்கள். அவர்களுக்குக் கூலி குறைவு. அந்த வேலையின் பலனாகச் சரிவுகளில் மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. இரண்டு இழப்பும் ஒரே கணக்கில் சேர்ந்தவை, ஆனால் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டுமே அதிகம் வருவதில்லை.

1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அங்கு வந்த மண் இயற்பியலாளர்களில் ஒருவர் டபிள்யூ. பி. ஹெய்ன்ஸ். மண் துளைகளில் நீர் எப்படி நிரம்புகிறது, வடிகிறது என்று அவர் 1930இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இயற்கையாக வளரும் அடிச்செடிகளை முழுக்க அழிக்காமல் கட்டுப்படுத்திப் பயன்படுத்தலாம் என்று தோட்டங்களுக்கு ஒரு கையேடும் எழுதினார். படிப்படியாக வழக்கம் மாறியது. புல்லை வழித்தெடுப்பதற்குப் பதிலாகப் பியூராரியா, சென்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டார்கள். இந்தக் கொடிகள் மழையின் அடியைத் தாங்கும். வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கும் கொடுக்கும். இன்று புதிதாகச் செம்பனை நட்ட தோட்டத்தைக் கடந்து போகும்போது தரையெல்லாம் பச்சைக் கொடி படர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது யாரும் கவனிக்காமல் விட்ட புல் இல்லை, மண்ணியல் கற்றுக்கொடுத்த பாடம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மண் வரைபட வேலை வேகம் பிடித்தது. 1956இல் ஃபெல்டா தொடங்கி, நிலமில்லாதவர்களைக் குடியேற்றப் புதுக் காடுகளைத் திறந்தபோது, எந்த மண்ணில் எதை நடுவது என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கைக் கேள்வியானது. வேளாண் துறையினர் காட்டுக்குள் குழி வெட்டி, ஒவ்வொரு மண் தொடருக்கும் அதோடு தொடர்புடைய இடத்தின் பெயரை வைத்தார்கள். நாம் டொகுச்சாயெவின் ஐந்து காரணிகளைப் பொருத்திப் பார்க்க இது அருமையான இடம்:

• ரெங்கம் தொடர்: ஜொகூர் ஊரின் பெயர். கருங்கல் பாறை மட்கி உண்டானது.
• செர்டாங் தொடர்: மணற்பாறையிலிருந்து வந்தது, மணல் கலந்தது.
• முன்சோங் தொடர்: களிப்பாறையிலிருந்து வந்தது.
• குவாந்தான், செகாமட் தொடர்கள்: எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்த செம்மண்.
• மலாக்கா தொடர்: லேட்டரைட் கற்கள் நிறைந்தது.
• சிலாங்கூர் தொடர்: கடலோரக் களி. வயதில் இளையது, அதனால் மழை இன்னும் முழுக்கக் கழுவிவிடாத வளமுள்ளது.

முதல் நான்கு வரிகளிலும் தட்பவெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான், பாறை மாறியது, மண்ணும் மாறியது. கடைசி வரியில் காலமும் நில அமைப்பும் வேலை செய்கின்றன. 1883இல் ரஷ்யப் புல்வெளியில் சொன்ன விதி மலேசியாவில் அப்படியே நிற்கிறது.

இந்த வேலையைச் செய்தவர்களின் பட்டியலில் நமக்குப் பழக்கமான பெயர்களும் இருக்கின்றன. மலாயாவின் 1968 மண் வரைபடத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் லா என்பவரும் கே. செல்வதுரை என்பவரும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் மண் பிரிவில் இ. புஷ்பராஜா நெடுங்காலம் பணியாற்றினார். மலேசிய மண்ணின் வகைப்பாட்டைப் பற்றிப் படிக்கும் எந்த மாணவரும் எஸ். பரமானந்தனின் நூல்களைத் தொடாமல் போக முடியாது. நம் பிள்ளைகள் "தமிழர்கள் மண்வெட்டிதான் பிடித்தார்கள்" என்று எழுதும்போது, அந்த வரைபடத்தை வரைந்த கைகளிலும் தமிழ்ப் பெயர்கள் உண்டு என்று சேர்த்து எழுதட்டும்.

6. கேட்காமல் போன பாடம்

எல்லாம் தெரிந்த பிறகாவது கேட்டார்களா? மலாய்மொழியில் 'தானா கம்புட்' என்று நாம் சொல்லும் பீட் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் தேங்கிய காட்டில் விழுந்த மரமும் இலையும் முழுக்க மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீட்டர் கணக்கில் சேர்ந்தது அது. ஐந்து காரணிகளில் உயிரினங்களும் நில அமைப்பும் சேர்ந்து செய்த மண். தண்ணீர் இருக்கும்வரை பத்திரம். தண்ணீரை வடித்தால் காற்று புகும், மக்கும், நிலம் தாழும். காய்ந்தால் எரியும், அதுவும் தரைக்கு அடியில் எரியும். இதெல்லாம் மண்ணியலாளர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

1995இன் இறுதியில் இந்தோனேசிய அரசு மத்திய கலிமந்தானில் பத்து இலட்சம் எக்டேரை நெல் விளையும் பூமியாக்க ஆணையிட்டது. பீட் நிலத்தின் குறுக்கே 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்தது, நெல் விளையவில்லை. 1997இல் எல் நினோ வறட்சி வந்தபோது காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டுப் புகைமூட்டத்தில் காற்றுத் தரக் குறியீடு கூச்சிங்கில் 800ஐத் தாண்டியது, சரவாக்கில் அவசரநிலை அறிவித்தார்கள். அந்த ஆண்டு இந்தோனேசியாவின் பீட் நிலங்களிலிருந்து மட்டும் 81 கோடி டன்னுக்கும் 257 கோடி டன்னுக்கும் இடைப்பட்ட அளவு கரி காற்றில் கலந்ததாக 2002இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. திட்டம் கைவிடப்பட்டது. வடிந்த நிலம் பின்னால் வந்த வறட்சிகளிலும் எரிந்தது.

பள்ளி மூடிய நாட்களும் முகக்கவசமும் நமக்கு நினைவிருக்கின்றன. அந்தப் புகையில் பெரும்பகுதி மரத்தின் புகை என்று நினைத்திருப்போம். அது எரிந்த மண்ணின் புகையும்தான். நம் நாட்டிலும் சரவாக்கில்தான் பீட் நிலம் அதிகம், அங்கும் செம்பனை நட்டிருக்கிறார்கள். அங்கே நீர்மட்டத்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதை ஒரு மண்ணியலாளர் அளந்து சொல்ல வேண்டும். அதை நிர்வாகம் கேட்க வேண்டும்.

7. மண்ணியலாளர் என்ன வேலை செய்கிறார்?

படிவம் 5 முடிக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது. முதல் வேலை இன்றும் குழிதான். மண்துளைப்பானால் மாதிரி எடுப்பார். ஈர மண்ணை விரல்களுக்கிடையில் உருட்டி, நெருநெருவென்றால் மணல், வழுவழுவென்றால் வண்டல், ஒட்டினால் களி என்று பிரிப்பார். மன்செல் நிற அட்டையில் பொருத்தி நிறத்தைக் குறிப்பார். அதன் பிறகுதான் அமிலத்தன்மை, சத்தளவு என்று ஆய்வகம் வரும். இப்போது செயற்கைக்கோள் படமும் கணினி வரைபடமும் சேர்ந்துவிட்டன. ஆனால் செயற்கைக்கோள் சொன்னது சரியா என்று பார்க்க யாராவது ஒருவர் மண்வெட்டியோடு போகத்தான் வேண்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கட்டடம் நிற்குமா என்று பார்ப்பது பொறியாளர்களின் மண் இயந்திரவியல். அவர்களுக்கு மேல்மண் அகற்ற வேண்டிய பொருள். மண்ணியலாளருக்கு அதுதான் பாடமே.

இத்துறையைப் படிக்க நம் நாட்டில் பழைய வீடு செர்டாங். 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, கல்லூரியாகி, 1971இல் பல்கலைக்கழகமான இடம் அது. படித்தவர்களுக்கு வேளாண் துறை, ரப்பர், செம்பனை ஆராய்ச்சி அமைப்புகள், தோட்ட நிறுவனங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை என்று வேலைகள் உண்டு. வேதியியல், உயிரியல், புவியியல் மூன்றும் பிடித்து, வெயிலில் நடக்கத் தயங்காத மாணவர் இருந்தால் இந்தப் பெயரை அவர் காதில் போட்டு வையுங்கள் ஆசிரியர்களே. ஆண்டுதோறும் டிசம்பர் 5 உலக மண் நாள். அந்த நாளில் பள்ளித் தோட்டத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதன் சுவரில் எத்தனை நிறம் தெரிகிறது என்று மாணவர்களையே எண்ணி எழுதச் சொல்லலாம். செலவு எதுவும் இல்லை.

சொல் அறிவோம்

மேல்மண் – தாவர மக்கு கலந்த, கருத்த மேலடுக்கு.
தாய்ப்பாறை – மண் உருவாக மூலமான பாறை.
மண் அரிப்பு – மழையோ காற்றோ மண்ணை இடம்பெயர்த்துக் கொண்டுபோவது.
மூடுபயிர் – தரையைக் காக்கப் படரவிடும் செடி கொடி.
மண் தொடர் – ஒரே தாய்ப்பாறையும் ஒரே அடுக்கு வரிசையும் கொண்ட மண்வகை.

சிந்தனை வினாக்கள்

1. லீபிக்கும் டொகுச்சாயெவும் மண்ணைப் பார்த்த முறையில் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. மழைக்காடு செழித்திருப்பதால் அதன் மண்ணும் வளமானதே என்ற கருத்தை ஆராய்க.
3. 1905க்கும் 1935க்கும் இடையே அமெரிக்காவில் நடந்ததையும், 1995க்குப் பின் கலிமந்தானில் நடந்ததையும் ஒப்பிடுக. இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் யார், விலை கொடுத்தவர்கள் யார்?
4. உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வாழ்ந்திருந்தால், அங்கிருந்த மண்ணின் நிறம், புல்வெட்டு வேலை, மூடுபயிர் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதுக.

நான்காவது வினாவுக்கு விடைப்பட்டியல் கிடையாது. அதைச் சொல்லக் கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.